ஐம்பது சதவீதம் என்றால் சமமா?

கேள்வி: நாங்கள் ஆடும் சண்டை கேமில் ஒரு கேரக்டரின் வெற்றி விகிதம் சரியாக 50 சதவீதம். ஆனாலும் அதனிடம் மாட்டினால் தொலைந்தோம். கணக்கு பொய்யா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கணக்கு பொய்யில்லை, சராசரிதான் ஏமாற்றுகிறது. ஐந்து எதிரிகளை 70-30 என்று வென்று, ஐந்து பேரிடம் 30-70 என்று தோற்றாலும் 50தான் வரும். உங்கள் கேரக்டர் அந்த முதல் ஐந்தில் இருக்கலாம். எனவே ஜோடி ஜோடியாகப் பாருங்கள்.

பலர் எடுக்கும் கேரக்டர் தன்னோடு தானே மோதும். அந்த ஆட்டங்கள் எப்போதும் 50. பத்தில் நான்கு பேர் எடுப்பது, மற்றவர்களை 60 சதவீதம் வென்றாலும், பட்டியலில் 56 என்றே நிற்கும்.

இன்னொன்று இணையத் தாமதம். திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் ஓடும். 20 ஃபிரேமில் வந்து விழும் அடியைப் பார்த்துத் தடுக்க 333 மில்லிநொடி உண்டு. ஐரோப்பிய சர்வரில் 5 ஃபிரேம் தாமதமானால் மிச்சம் 250. தடுப்பது கிட்டத்தட்ட ஊகம்தான். ஒரே அறையில் இரண்டு கன்ட்ரோலர் வைத்து, ஆளை மாற்றி, ஜோடிக்கு 20 ஆட்டமாவது ஆடிப் பாருங்கள். அங்கேயும் அடித்தால் குறை கேரக்டரில், இல்லையென்றால் இணைப்பில். ஒன்றிரண்டு ஆட்டத் தோல்வியை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லாதீர்கள்.