மெர்போக் சண்டியைச் சோழன் கட்டினானா?

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மலரில், 'மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி, ராஜேந்திர சோழன் கட்டிய சிவன் கோயில்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சரிதானா?
- வாசகர், பீடோங்

பதில்: சரியில்லை. (சண்டி என்று இங்கே சொல்வது பழங்காலக் கோயிலை; சண்டி தேவியை அல்ல.) அடுத்த மலரில் திருத்தம் போடச் சொல்லுங்கள்.

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளில் அவன் வெற்றிகளைப் பாடும் பகுதி, 1025 படையெடுப்பை வரிவரியாகச் சொல்கிறது. கடாரத்தரசனை (கடாரம் என்பது இன்றைய கெடா) பிடித்ததும் யானைகளையும் பொருளையும் வித்தியாதரத் தோரணம் என்ற நகர வாசல் அலங்காரத்தையும் கவர்ந்ததும் அதில் உண்டு. இங்கே கோயில் எடுத்ததாக ஒரு சொல்கூட இல்லை. கட்டியதற்குச் செப்பேடு இருப்பது எதிர்த்திசையில்தான். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் கடாரத்து அரசர் எடுத்தது. அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான்.

அடுத்து, கட்டடத்தையே பாருங்கள். சோழர் கற்றளியில் (கற்கோயிலில்) சுவரும் தூணும் கூரையும் கல். புக்கிட் பத்து பஹாட்டில் நிற்பது கல் அடித்தளம். மேலே மரத்தூண்களைத் தாங்க வைத்த கற்கள். மரமும் கூரையும் இந்த மழையில் மக்கிப் போய்விட்டன. விமானம், மண்டபம் என்ற அமைப்பு இந்தியாவிலிருந்து வந்தது. கட்டிய முறை இந்த மண்ணுடையது.

1936-37இல் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டி ஆராய்ந்து, இங்குள்ள பழந்தலங்களின் வரிசையில் இதற்கு 8ஆம் எண் கொடுத்தார். 1959-60இல் திருப்பி எழுப்பியபோது விமானத்தின் அடியில் கல் பேழைகள் கிடைத்தன. கோயில் எழுப்பும்போது அடியில் பேழை புதைக்கும் சடங்கை நம் ஸ்தபதிகள் கர்ப்பநியாசம் என்பார்களே, அதுதான். ஆனால் அந்தச் சடங்கு சைவர்க்கும் உண்டு, பௌத்தர்க்கும் உண்டு. ஆகவே பேழையைக் காட்டிச் 'சிவன் கோயில்' என்று முடிவுகட்ட முடியாது. எழுப்பியவன் பெயர் சொல்லும் கல்வெட்டும் அங்கே இல்லை. அறிஞர்கள் இன்னும் வாதிடுவது அதனால்தான்.

யார் கட்டியது என்பதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. உங்கள் பீடோங்கில்தான் 11ஆம் எண் சண்டியை நிலமேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளினார்கள். 2013 இறுதியில்தான் வெளியே தெரிந்தது. செம்பனை மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போது பழைய செங்கல்லோ செதுக்கிய கல்லோ மேலே வந்தால் இயந்திரத்தை அங்கேயே நிறுத்துங்கள். கல்லைக் கழுவாதீர்கள், கோயிலுக்குத் தூக்கி வந்து மஞ்சள் குங்குமம் பூசாதீர்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். இடம் மாறினால் அது வெறும் கல். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமெடுங்கள், கைப்பேசியில் இடக்குறியைப் பதியுங்கள், அன்றைக்கே மாவட்ட அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அது கண்டெடுத்தவரின் கடமை. கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.