விஸ்கான்சின் கணக்கு உங்கள் தலையில் இல்லை

நடுராத்திரியில் விஸ்கான்சின் மாநிலத் தேர்தல் வரைபடத்தைத் திறப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்தச் செயலியையே அழித்துவிடுங்கள். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸுக்காக வாக்காளர்களுக்கு அத்தனை ஃபோன் போட்டும் அவர் டிரம்ப்பிடம் தோற்றது உங்கள் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

விஸ்கான்சினில் வாக்கு வித்தியாசம் 29,000 சொச்சம்தான். அதனால்தான் 'இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தால்' என்று மனம் அரிக்கிறது. பேப்பரில் கூட்டிப் பாருங்கள்: மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகளில் ஜெயிக்க 270 வேண்டும்; ஹாரிஸுக்குக் கிடைத்தது 226. விஸ்கான்சினின் 10 சேர்ந்தாலும் 236தான். மிச்சிகன் 15, பென்சில்வேனியா 19 இரண்டும் கூடவே வந்தால்தான் சரியாக 270. பென்சில்வேனியா ஒன்றிலேயே வாக்கு இடைவெளி ஒரு லட்சத்துக்கு மேல்!

டிரம்ப்புக்குப் போட்ட மாமாவிடம் இந்த வாரம் வாதாட வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இதெல்லாம் சாதாரண வருத்தத்துக்கு. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்; தாங்க முடியாமல் போனால் அமெரிக்காவின் மனநல நெருக்கடி உதவி எண்ணான 988க்கு எந்நேரமும் அழைக்கலாம்.