வீட்டுக் காவலுக்கு எந்த ரைஃபிள் தோட்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கு ரைஃபிள் வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பியவற்றில், தோட்டாவைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கீழே தோட்டா என்று வரும் இடத்தில் உறை, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் எல்லாம் சேர்ந்த முழு உருப்படியையும், குண்டு என்று வரும் இடத்தில் குழலைவிட்டு வெளியே பறக்கும் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடையது மரச்சட்டமும் டிரைவாலும் (ஜிப்சம் பலகை) வைத்துக் கட்டிய வீடு. பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். 16 அங்குலக் குழல் உள்ள ஏ.ஆர்-15 இருக்கிறது. கடைக்காரர் ‘பச்சை முனை வாங்குங்க, ராணுவத்துல அதுதான்’ என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், டெக்சஸ்

பதில்: வேண்டாம். அவர் காட்டும் தோட்டாவின் பெயர் எம்855. 62 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 4 கிராம். செம்பு உறைக்குள் முன்பக்கம் ஒரு எஃகு முனை, அதன் பின்னால் ஈயம். தொலைவில் இருக்கும் எஃகுத் தலைக்கவசத்தைத் துளைக்க வேண்டும் என்ற ராணுவத் தேவைக்காக வந்த குண்டு அது. உங்கள் கூடத்தில் அப்படி ஒரு தேவை இல்லை. ராணுவம் பயன்படுத்துகிறது என்பதாலேயே ஒரு பொருள் வீட்டுக்கு ஏற்றதாகிவிடாது.

பொதுவாகவே முழு உறையிட்ட குண்டுகளில், அதாவது ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டில், ஒரு சிக்கல் உண்டு. பட்டதும் விரிய வேண்டும் என்று அவற்றை யாரும் வடிவமைக்கவில்லை. சில நேரம் புரண்டு உடையும். சில நேரம் நேராக மறுபக்கம் போய்விடும். எம்193 என்ற 55 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்துக்கு மேல் இருக்கும்போதுதான் நம்பும்படி உடைகிறது. 16 அங்குலக் குழலில், வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில், அந்த வேகம் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே வேறு எதுவும் கிடைக்காத நாளில் பச்சை முனையைவிட எம்193 மேல். ஆனால் அது இரண்டாம் தேர்வுதான்.

முதல் தேர்வு, விரியும் குண்டு. பெட்டியில் ‘பாண்டட் சாஃப்ட் பாயின்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். உறையும் ஈயமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் விரிந்த பிறகும் சிதறாமல் ஒரே துண்டாக நிற்கும். ஸ்பியர் கோல்ட் டாட், ஃபெடரல் ஃபியூஷன் இரண்டும் இந்த வகை. 62, 64 கிரெயினில் இவை தாராளமாகக் கிடைக்கின்றன.

எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு எஃப்.பி.ஐ. வைத்த அளவுகோலைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு உருவானது அது. 10 சதவீத ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. கனத்த துணி, டிரைவால், பிளைவுட், தகடு, கார் கண்ணாடி ஆகியவற்றை முன்னால் வைத்தும் சுட்டுப் பார்ப்பார்கள். வாங்கும் தோட்டாவுக்கு அந்தச் சோதனை முடிவுகள் இருந்தால், உங்கள் குழல் நீளத்தில் எடுத்த எண்களைப் பாருங்கள். குழல் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குச் சுமார் 25 முதல் 50 அடி வேகம் போய்விடும். 20 அங்குலக் குழலில் அழகாக விரிந்த குண்டு 10.5 அங்குலக் குழலில் மூடியபடியே போகலாம்.

முயல், அணில் மாதிரி சிறு விலங்கு வேட்டைக்கான ‘வார்மின்ட்’ குண்டுகளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். சுவரைத் தாண்டாது என்ற ஆசைதான் காரணம். ஜெலட்டினில் அவை சில அங்குலத்திலேயே சிதறிவிடும். 12 அங்குல அளவை எட்டாது. சுவரையும் நிச்சயமாகத் தாண்டும்.

கேள்வி: ரைஃபிள் குண்டு வீட்டையே துளைத்துக்கொண்டு போகும், கைத்துப்பாக்கிதான் பாதுகாப்பு என்கிறார் என் மச்சினர். உண்மையா?
– வாசகி, ஜார்ஜியா

பதில்: பாதிதான் உண்மை. கைத்துப்பாக்கியில் வரும் 9 எம்.எம். குண்டு கனமானது, வேகம் குறைவு. டிரைவாலில் நுழையும்போது ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள குண்டு) குழியில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டு விரியாமல் போவது சகஜம். அப்புறம் அது முழு உறையிட்ட குண்டு மாதிரியே அறை அறையாகப் போகும். ஏ.ஆர்-15-இல் போடும் லேசான, வேகமான .223 குண்டு முதல் சுவரிலேயே நிலைகுலைந்து புரளத் தொடங்கும்; சீக்கிரம் வேகத்தை இழக்கும். அதனால் நல்ல .223 விரியும் குண்டு, பல 9 எம்.எம். குண்டுகளைவிடக் குறைவான சுவர்களைத் தாண்டுவது உண்டு. பாண்டட் வகை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

இதை வைத்து ‘ரைஃபிள் சுவரைத் தாண்டாது’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆளை நிறுத்தக்கூடிய எந்தக் குண்டும் டிரைவாலைத் தாண்டும். உள்சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவே வெற்றிடம், அவ்வளவுதான். குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்பதைத் தோட்டாப் பெட்டி தீர்மானிக்காது, நீங்கள் நிற்கும் இடம் தீர்மானிக்கும். ஒரு தாளில் வீட்டின் படத்தைப் போடுங்கள். கட்டில்கள் எங்கே, பக்கத்து வீட்டுச் சன்னல் எங்கே, நிறைந்த புத்தக அலமாரியோ செங்கல் முகப்போ எந்தப் பக்கம் என்று குறியுங்கள். படுக்கையறை வாசலில் எந்த மூலையில் நின்றால் பின்னணியில் பிள்ளைகள் அறை வராது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்லோரையும் ஒரே அறைக்குள் சேர்த்துக் கதவைச் சாத்தி 911-ஐ அழைப்பது முதல் திட்டமாக இருக்கட்டும்.

கேள்வி: குழலில் .223 என்று பொறித்திருக்கிறது. 5.56 போடலாமா? உருவத்தில் வித்தியாசமே தெரியவில்லையே!
– வாசகர், ஒஹாயோ

பதில்: போடாதீர்கள். வெளி அளவு ஒன்றுதான். தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்கு முன்னால், குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடம் வேறு. 5.56 நேட்டோ சேம்பரில் அந்த இடைவெளி நீளம். .223 சேம்பரில் அது குறைவு என்பதால், வலுவான 5.56 தோட்டாவைப் போட்டால் அழுத்தம் எகிறும். பிரைமர் கழன்று விழலாம், உறை சேம்பரில் ஒட்டிக்கொள்ளலாம். மறுபக்கம், 5.56 குழலில் .223 தோட்டாவைத் தாராளமாகப் போடலாம். குழலில் ‘.223 வைல்டு’ என்று இருந்தால் இரண்டும் போகும்.

குழலில் 1:7, 1:8, 1:9 என்று இன்னோர் எண்ணும் இருக்கும். குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் ஆகிறது என்பது அது. 1:9 குழலுக்கு 70 கிரெயினுக்குள் நில்லுங்கள். 75, 77 கிரெயின் வேண்டுமானால் 1:8 அல்லது 1:7 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குண்டு நிலைபெறாமல் காகிதக் குறியில் பக்கவாட்டில் விழுந்த துளைகளைப் பார்ப்பீர்கள்.

கேள்வி: நல்ல தோட்டா வாங்கிவிட்டேன். இனி எத்தனை சுட்டுப் பார்க்க வேண்டும்? பெட்டிக்கு 20தான், விலையோ கண்ணைக் கட்டுகிறது.
– வாசகர், வட கரோலினா

பதில்: பயிற்சித் தோட்டாவைவிட இரண்டு மூன்று மடங்கு விலை என்பதால் எல்லோரும் இங்கேதான் கஞ்சத்தனம் செய்கிறார்கள். குறைந்தது 100 தோட்டா ஒதுக்குங்கள். முதலில் ஒவ்வொரு மேகசினிலும் (தோட்டா அடுக்கும் பெட்டி) ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட், அதாவது சேம்பரை மூடும் பாகம், பின்னால் போய்ப் பூட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதைத் தள்ளும் வாயு போதவில்லை, அல்லது மேகசின் கோளாறு. வேறு மேகசினை மாற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அடுத்து முழு மேகசின்கள். 30 கொள்ளும் மேகசினில் 28 போதும். 30-ஐயும் திணித்தால், போல்ட் மூடியிருக்கும்போது மேகசின் சரியாகக் கொளுவாமல் கீழே விழுந்துவிடும்.

சாஃப்ட் பாயின்ட், அதாவது மென்முனைக் குண்டுகளின் ஈய நுனி, உள்ளே ஏறும் சரிவில் தட்டி மழுங்கும். சுடாமல் ஏற்றி இறக்கிய ஒரு தோட்டாவைக் கையில் எடுத்து நுனியைப் பாருங்கள். லேசான கீறல் பரவாயில்லை. ஒரு பக்கம் சப்பையாகியிருந்தால் உங்கள் ரைஃபிளுக்கு அந்தக் குண்டு ஒத்துவரவில்லை. பிளாஸ்டிக் முனை உள்ளதையோ வேறு வடிவத்தையோ பாருங்கள்.

குறி சரிபார்ப்பையும் இதே தோட்டாவில் செய்யுங்கள். 55 கிரெயினில் சரிசெய்த குறி 77 கிரெயினில் இடம் மாறும். இன்னொன்று, பலர் மறப்பது: ஏ.ஆர்-15-இல் குறிபார்க்கும் கருவி குழலுக்குச் சுமார் இரண்டரை அங்குலம் மேலே இருக்கிறது. 50 கஜத்துக்குச் சரிசெய்த ரைஃபிளை 7 கஜத்தில் சுட்டால் குண்டு புள்ளிக்குச் சுமார் 2 அங்குலம் கீழே படும். வீட்டுக்குள் வரப்போவது அந்த 7 கஜம்தான்.

கேள்வி: தினமும் இரவு ஒரு தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுகிறேன், காலையில் இறக்கிவிடுகிறேன். அந்தத் தோட்டாவின் பிரைமரில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கிறது. ரைஃபிளில் கோளாறா?
– வாசகர், அரிசோனா

பதில்: ரைஃபிளில் கோளாறு இல்லை, பழக்கத்தில்தான். ஏ.ஆர்-15-இன் சுடும் ஊசிக்குப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. போல்ட் ஓடி வந்து மூடும்போது அந்த வேகத்தில் ஊசியும் முன்னால் வந்து பிரைமரை லேசாகத் தட்டும். ஒரு முறை என்றால் ஒன்றுமில்லை. ஒரே தோட்டா பல தடவை தட்டு வாங்கினால், உள்ளே இருக்கும் ரசாயனம் நொறுங்கி, வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போகலாம். அபூர்வமாக, ஏற்றும்போதே வெடிக்கவும் கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, குண்டு உறைக்குள் பின்னுக்குத் தள்ளப்படுவது. ஒவ்வொரு தடவையும் நுனி சரிவில் மோதுகிறது அல்லவா? உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கூடும். .223 தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 2.260 அங்குலம், குண்டின் வடிவத்தைப் பொறுத்து இதற்குள் கொஞ்சம் வேறுபடும். அதனால் அதே பெட்டியில் இருக்கும் தொடாத தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்தி வெர்னியர் காலிபரில் ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் அதைச் சுடாதீர்கள், இடுக்கியால் இழுத்துச் சரிசெய்யவும் முயல வேண்டாம். ஏற்றும் ஒவ்வொரு முறையும் உறையின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடு ஆனதும், நீளம் சரியாக இருந்தால், பயிற்சிப் பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.

உண்மையில் இந்த ஏற்றி இறக்கும் வேலையே வேண்டாம். சேம்பர் காலியாக, மேகசின் நிறைந்து, விரைவாகத் திறக்கும் பூட்டுப்பெட்டிக்குள் ரைஃபிள் இருக்கட்டும்.

கேள்வி: .300 பிளாக்அவுட் என்ற இன்னோர் அளவுத் தோட்டாவுக்கும் 5.56-க்கும் ஒரே மேகசின் என்கிறார்களே, வசதிதானே?
– வாசகர், டென்னஸி

பதில்: அந்த வசதிதான் குழலை வெடிக்கவைக்கிறது. .300 குண்டின் விட்டம் அதிகம், ஆனால் சில .300 தோட்டாக்கள் 5.56 சேம்பருக்குள் முழுதாக ஏறிப் போல்ட்டும் மூடிக்கொள்ளும். சுட்டால் ரைஃபிள் உடையும், கையும் கண்ணும் போகும். இரண்டும் வைத்திருந்தால் மேகசின் நிறத்தையே மாற்றுங்கள். பயிற்சிக்கு ஒரு நாளில் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: நண்பர் வீட்டிலேயே நிரப்பிய தோட்டா தருகிறார். மலிவு. வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: வீட்டுக் காவலுக்கு வேண்டாம். மருந்து குறைந்த ஒரே ஒரு தோட்டா போதும்: ‘டப்’ என்று சன்னமாகச் சத்தம் வரும், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். எந்தத் தோட்டாவானாலும் சத்தமோ உதையோ வழக்கத்தைவிடக் குறைந்தால் நிறுத்துங்கள். இறக்கிவிட்டுக் குழலைச் சோதியுங்கள். ‘கிளிக்’ என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால், பயிற்சித் திடலில் முனையைக் குறியை நோக்கியே பிடித்து 30 விநாடி காத்திருந்து, பிறகு வெளியே எடுங்கள்.

கேள்வி: கராஜில் வைத்தால் கெட்டுவிடுமா?

பதில்: வெயிலில் கொதித்து இரவில் குளிரும் கராஜைவிட வீட்டுக்குள் ஒரு அலமாரி நல்லது. ரப்பர் விளிம்புள்ள உலோகப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், மேலே பூட்டு. தோட்டாவை அதன் அட்டைப் பெட்டியோடே வையுங்கள்; தயாரிப்புத் தொகுதி எண் அதில்தான் இருக்கிறது, நிறுவனம் திரும்பப் பெறும்போது அது தேவைப்படும். துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தெளிப்பவர்கள் உண்டு. ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் கசிந்து அதைச் செத்துப்போக வைக்கும், தெளிக்காதீர்கள். நிரப்பியே வைத்தால் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. அடிக்கடி நிரப்பிக் காலி செய்வதுதான் அதைத் தேய்க்கிறது.

கேள்வி: நான் எச்-1பி. மனைவி கிரீன் கார்டு. தோட்டா மட்டும் என் பெயரில் வாங்கினால் தப்பா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: தப்பு. குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். மனைவி வாங்கலாம். ஆனால் நீங்களும் எடுக்கும்படி அது வீட்டில் கிடந்தால், உங்கள் கைவசம் இருந்ததாகவே வழக்குப் போடக்கூடும். பூட்டின் எண் அவருக்கு மட்டும் தெரியட்டும். உங்கள் மாநிலத்தில் ஹாலோ பாயின்ட் பற்றித் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. வீட்டில் வைத்துக்கொள்ளவும், கடையிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுவரவும் தடை இல்லை.

இதோடு ஒன்று. பயிற்சிக்குப் போய்வந்த பையை ஊருக்குப் போகும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அடித்துணி மடிப்பில் தங்கிய ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகும். தெரியாமல் வந்துவிட்டது என்று நிரூபிக்க நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரும்.