உப்புக் காற்றுக்குச் சோலர் தாக்குப்பிடிக்குமா?

வாங்குபவர் கேள்வி-பதில்: திருகோணமலை

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. உவர்மலையில் சொந்த வீடு, ஓட்டுக் கூரை. மாதம் 170, 180 யூனிட் கரண்ட் பாவிக்கிறோம். ஒரு கொம்பனிக்காரர் வந்து, 5 கிலோவாற் சோலர் பூட்டினால் பில்லே வராது, மேலதிகமாகக் காசும் வரும் என்கிறார். வங்கிக் கடனும் எடுத்துத் தருவாராம். நம்பலாமா?

பதில்: பில் வராது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு 5 கிலோவாற் எதற்கு என்று அவரிடம் கேட்டீர்களா? நம்முடைய பக்கத்து வெயிலுக்கு, நிழல் விழாத கூரையில் 1 கிலோவாற் சோலர் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட்டுக்குக் கிட்டத் தரும். மாதத்துக்கு 120 என்று வையுங்கள். 180 யூனிட் வீட்டுக்கு 1.5 கிலோவாற் காணும், மாரிகால மப்பையும் நினைத்தால் 2. ஐந்து பூட்டினால் மாதம் 600 யூனிட் வரும், அதில் 400க்கு மேல் மின்சார சபைக்கு விற்கப்போகிறீர்கள். பில்லைக் குறைக்க வந்த நீங்கள் கடன் எடுத்து ஒரு சின்ன வியாபாரம் தொடங்குகிறீர்கள். தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் வியாபாரம் என்றால் விற்கிற விலை தெரிய வேண்டும்.

2016இல் 'சூரிய பல சங்கிராமம்' என்ற கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபோது, மின்சார சபை வாங்கும் யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 ரூபா என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்த விலை ஏறியும் இறங்கியும் பல தடவை மாறிவிட்டது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிற காசை வைத்து உங்கள் கடன் தவணையைக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்படும் விலையை மின்சார சபை அலுவலகத்திலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். விற்பனை செய்பவரின் வாயால் வரும் விலை கணக்கில் சேராது.

இன்னொன்று. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலர்களைப் பகலில் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். ஊரெல்லாம் தொழிற்சாலை பூட்டிக் கிடக்க, வெயில் மட்டும் எரித்தால் மின்வலையமைப்பு தடுமாறும். அந்த நாட்களில் உங்கள் சோலர் உழைக்காது, தவணை மட்டும் ஓடும்.

அப்புறம், பலர் வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிற விசயம்: பற்றரி இல்லாத சாதாரண சோலர், லைன் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் வீட்டில் ஒரு ஃபேன் சுற்றாது. லைனில் வேலை செய்கிறவருக்கு உங்கள் கரண்ட் அடிக்காமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது. கரண்ட் போகும் நேரத்துக்கும் வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வேட்டரும் லிதியம் பற்றரியும் கேட்க வேண்டும். இன்வேட்டர் என்பது சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி, ஹைபிரிட் என்றால் பற்றரியோடும் வேலை செய்வது. விலை வேறு.

இனி நம் ஊருக்கே உரிய வில்லங்கம். உப்புக் காற்று. கடற்கரைப் பக்கம் சில வருடம் ஆன சோலரைக் கீழே நின்று பார்த்தால் பலகை பளபளவென்றுதான் இருக்கும். ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். அலுமினியச் சட்டத்தை இரும்பு போல்ட் கடித்துப் பிடித்திருக்கும் இடத்தில் சுற்றிவர வெள்ளை மாவு பூத்திருக்கும், போல்ட்டின் தலையிலிருந்து கறள் வடிந்து ஓட்டில் கோடு விழுந்திருக்கும். பலகைக்கு 25 வருடம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைத் தாங்கும் போல்ட்டுக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நம் மாவட்டக் கரையில்தான் ஏறியது. கறள் தின்ற பிடியோடு அப்படி ஒரு காற்றுக்கு நின்றால் பலகை அடுத்த தெருவில்தான் கிடைக்கும்.

ஆகவே விலைக்கூற்றில் இவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள்: சட்டம் அனோடைஸ் செய்த (அரிப்பைத் தாங்க மேற்பூச்சு ஏற்றிய) அலுமினியமா, போல்ட் நட்டு உப்பைத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லஸ் ஸ்டீலா, பலகை உப்புப் பனிச் சோதனையான ஐ.ஈ.சி. 61701 தேறியதா. உத்தரவாதப் பத்திரத்தின் சின்ன எழுத்தையும் வாசியுங்கள். சில தயாரிப்பாளர்கள், கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் பூட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று போட்டிருப்பார்கள். உவர்மலையில் இருந்துகொண்டு அப்படியான ஒன்றை வாங்கினால் முதல் நாளே உத்தரவாதம் இல்லை. பலகையின் உத்தரவாதம் ஒன்று, இன்வேட்டருக்கு வேறொன்று, பூட்டிய வேலைக்கு இன்னொன்று. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் கெடுவது அனேகமாக இன்வேட்டர்தான்.

பூட்டுகிற நிறுவனம் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்ததா என்று பாருங்கள். முழுக்காசையும் முன்னுக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் கொடுக்கிற கரண்டையும் எடுக்கிற கரண்டையும் அளக்கும் ஏற்றுமதி-இறக்குமதி மீற்றரை மின்சார சபை வந்து மாற்றும் வரை ஒரு பங்கை வைத்திருங்கள். காசு கையில் போன பிறகு சிலருக்கு ஃபோன் வேலை செய்யாது.

கேள்வி: சோலர் பூட்ட வசதியில்லை. மாதம் 75 யூனிட் வருகிறது. ஃபேனை மாற்றினால் பில் குறையும் என்கிறார்கள், உண்மையா? (பாலையூற்று)

பதில்: உண்மை, அதுவும் உங்களுக்கு நன்றாகவே குறையும். பழைய கூரை ஃபேன் 75 வாற் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டர் வைத்தது 30 வாற் அளவில். நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் ஒரு ஃபேனில் மாதம் 16 யூனிட் மிச்சம். நம் கட்டண முறையில் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் கூடும். 75 இலிருந்து 60க்குக் கீழே இறங்க உங்களுக்கு ஒரே ஒரு ஃபேன் போதும். ஆக அதிக நேரம் ஓடுகிற ஃபேனை முதலில் மாற்றுங்கள். ரிமோட்டும் சர்க்யூட் பலகையும் பழுதானால் திருகோணமலையிலேயே திருத்துவார்களா என்று மட்டும் கடையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நிலாவெளியில் சின்ன வெங்காயம் செய்கிறேன். மண்ணெண்ணெய்ப் பம்பை விட்டுச் சோலர் பம்புக்கு மாறலாமா? விற்பவர் ஒரு குதிரை வலு, இரண்டு குதிரை வலு என்று சொல்கிறார், எனக்கு விளங்கவில்லை.

பதில்: 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340க்குப் போன காலத்தில் நின்றுபோன பம்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்ணெயை நம்பி இனித் தோட்டம் செய்ய முடியாது என்று பலர் நினைத்தது அப்போதுதான். மாறுவது நல்லது.

குதிரை வலு மோட்டரின் பலத்தைத்தான் சொல்லும், வருகிற தண்ணீரைச் சொல்லாது. அதை விடுங்கள். "என் கிணற்றில் கோடையில் தண்ணீர் இத்தனை அடியில் நிற்கும், அங்கிருந்து மணிக்கு எத்தனை லீற்றர் வரும், காலை எட்டு மணிக்கு எவ்வளவு, உச்சியில் எவ்வளவு?" என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் ஏற்கனவே பூட்டிய ஒரு தோட்டத்தில் போய் வாளி வைத்து அளந்து பாருங்கள். சோலர் பம்பு வெயிலுக்கு ஏற்பத்தான் இறைக்கும், ஆகவே நீங்கள் இறைக்கிற நேரத்தை மாற்ற வேண்டி வரும், அல்லது ஒரு தொட்டி கட்ட வேண்டும். பலகையைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்பதும் யோசிக்க வேண்டியதுதான். சிலர் தள்ளுவண்டியில் ஏற்றி இரவில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். வெங்காயம் இல்லாத மாதங்களில் அது சும்மா கிடக்கும் என்பதால் பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேரோடு சேர்ந்து வாங்கினால் காசு உழைக்கும். யார் எந்த நாள் இறைப்பது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள்.

விற்பவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். எண்ணெய்க்குக் காசு கொடுக்கும்வரை நாம் அளந்து இறைத்தோம். சோலருக்கு எண்ணெய்க் காசு இல்லை என்று பொழுது படும்வரை ஓட விட்டால், நிலாவெளி மணலில் மேலே மிதக்கிற நல்ல தண்ணீர் குறைந்து கீழிருந்து உவர் ஏறும். ஒரு தடவை கிணறு உவர்த்தால் வெங்காயம் மட்டுமல்ல, குடிக்கவும் ஆகாது. தெளிப்பு நீர்ப்பாசனத்தையும் சேர்த்தே விலை கேளுங்கள். பம்பைச் சிறிதாக எடுத்து அந்தக் காசைக் குழாயில் போட்டாலும் சரி.

கேள்வி: கிண்ணியாவில் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். பைக்குக் காசு கேட்டால் சனம் கோபிக்கிறது. 'மக்கும் பை' என்று ஒருவர் கொண்டுவந்து தருகிறார். அதைக் கொடுக்கலாமா?

பதில்: 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் சொப்பிங் பையைச் சும்மா கொடுக்க முடியாது. விலையைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும், பில்லிலும் காட்ட வேண்டும். கோபிக்கிறவருக்கு அந்த அறிவித்தலைக் காட்டுங்கள், பழி உங்கள் தலையில் விழாது. 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்ரிக் உறிஞ்சு குழாய், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு எல்லாம் தடை. பழைய இருப்பு எங்காவது மூலையில் கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

மக்கும் பை என்று வருவதில் இரண்டு வகை. ஒன்று, சோளமா போன்றவற்றில் செய்து உண்மையிலேயே உக்குவது. மற்றது சாதாரண பொலித்தீனில் ஒரு இரசாயனம் கலந்தது. அது வெயிலில் பொடிப்பொடியாகும், உக்காது. கண்ணுக்குத் தெரியாததால் போய்விட்டது என்று நினைக்கிறோம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அங்கீகாரப் பத்திரத்தின் பிரதியை அவரிடம் கேளுங்கள், பையில் அச்சடித்த பச்சை இலைப் படம் பத்திரம் ஆகாது. திருகோணமலை டவுனில் புள்ளிமான்கள் குப்பையில் பையைச் சப்பிக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றுக்கு எந்தப் பையானாலும் ஒன்றுதான். தடித்த துணிப்பையை அடக்க விலைக்கு வைத்துப் பாருங்கள், வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவந்தால் ஒரு ரொபி கொடுங்கள். பிள்ளைகள் மறக்க விடமாட்டார்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வருகிறது. உப்புவெளியில் 'பசுமை விடுதி'யில்தான் தங்க வேண்டும் என்கிறார்கள். எதை வைத்து நம்புவது?

பதில்: ஓலைக்கூரையையும் மூங்கில் கதிரையையும் வைத்து நம்பாதீர்கள். ஃபோன் எடுத்து மூன்று விசயம் கேளுங்கள். சுடுதண்ணீர் எதில் வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, குடிதண்ணீர்ப் போத்தலைத் திரும்ப நிரப்பித் தருவீர்களா. உண்மையாகச் செய்கிறவர் உடனே பதில் சொல்வார், சிலவேளை நிறுத்தாமலும் சொல்வார். புறாத்தீவுக்குப் படகு ஒழுங்கு செய்து தருவார்கள் என்றால், பவளப்பாறையில் கால் வைக்க வேண்டாம் என்று படகில் ஏறும்போது சொல்வார்களா என்றும் கேளுங்கள். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா.

கேள்வி: சம்பூரில் சோலர் வருகிறதாமே, மூதூர் ஆட்களுக்குப் பில் குறையுமா? ஒருவர் வீடு வீடாக வந்து, அந்தத் திட்டத்தில் இலவசப் பலகை தருவதாகச் சொல்லிப் பதிவுக்கு 5,000 ரூபா கேட்கிறார்.

பதில்: முதல் கேள்விக்குப் பதில், இல்லை. நிலக்கரி மின் நிலையம் வரவிருந்த சம்பூரில் அந்தத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, இப்போது இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் சேர்ந்து 120 மெகாவாற் சோலர் அமைக்கின்றன. முதல் கட்டம் 50, அடுத்தது 70. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கிவைத்தார்கள். அந்தக் கரண்ட் தேசிய மின்வலையமைப்புக்குள் போகும். கட்டணத்தைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நாடு முழுவதற்கும் ஒன்றாகவே அங்கீகரிக்கிறது. மூதூருக்கென்று தனி விலை கிடையாது. 2006இல் இடம்பெயர்ந்து வருடக்கணக்காக முகாமில் கிடந்த ஊருக்கு ஏதாவது சலுகை இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம். அதைப் பிரதேச சபையிலும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள்.

அந்த 5,000 ரூபாவைக் கொடுக்க வேண்டாம். சம்பூரில் அமைப்பது நிலத்தில் நிறுத்தும் பெரிய மின் நிலையம். அதற்கும் உங்கள் கூரைக்கும் தொடர்பில்லை. அவரது அடையாள அட்டையையும் நிறுவனத்தின் பதிவு இலக்கத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். கிராம சேவகரிடம் காட்டுங்கள். ஏற்கனவே யாராவது கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டோடு பொலிசில் முறையிடுங்கள். பொருளோ சேவையோ வாங்கி ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம்.