சிறுநீரகம் பழுதானவருக்குப் பழம் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. கனகாலமாகச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. கிட்னி மூன்றாம் கட்டத்தில் பழுது என்று போன மாதம் கிளினிக்கில் சொன்னார்கள். பழமே தொடக்கூடாது என்கிறார் மச்சாள். பக்கத்து வீட்டு அக்காவோ சீனிக்கு நல்லதென்று தங்கள் வளவுக் காமரங்காயை ஜூஸ் அடித்துத் தருகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, அந்த ஜூஸை இன்றைக்கே நிறுத்துங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

காமரங்காயில் ஒக்ஸலேற்று என்ற, சிறுநீரகத்தில் படிந்து பழுதாக்கும் உப்பு அதிகம். காரம்பொக்ஸின் என்ற நஞ்சும் உண்டு. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதானதால் முடியாது, இரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்கும். அக்காவின் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதால்தான் அவர் நம்பிக் கொடுக்கிறார், அவரில் கோபிக்க வேண்டாம். ஆனால் உங்கள் கணவருக்கு ஒரு துண்டுகூட வேண்டாம். இனிப்புக் காமரங்காயும் அப்படித்தான். எத்தனை முறை தண்ணீர் குடித்தாலும் நிற்காத விக்கல், வாந்தி, ஆளை மட்டுக்கட்ட முடியாத தடுமாற்றம், வலிப்பு. இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காமரங்காய் குடித்தவர் என்று முதல் வேலையாகச் சொல்லுங்கள். டயலிசிஸ் தேவைப்படலாம். உயிரிழந்தவர்களும் இருக்கிறார்கள். பிலிங்காய்ச் சாறும் வேண்டாம், அதிலும் ஒக்ஸலேற்று நிறைய.

மச்சாள் சொல்வதும் சரியில்லை. எல்லாப் பழத்தையும் நிறுத்தினால் மலச்சிக்கல்தான் மிஞ்சும். மற்றப் பழங்களில் பார்க்க வேண்டியது பொட்டாசியம் என்ற தாது உப்பு, பழுதான சிறுநீரகத்தால் அதையும் சரியாக வெளியேற்ற முடியாது. கிளினிக் கொப்பியில் இரத்தத்தில் அதன் அளவு எழுதியிருக்கிறதா? 3.5 முதல் 5 வரை இருந்தால் பயமில்லை. எழுதவில்லை என்றால் அடுத்த முறை கேட்டுச் செய்வியுங்கள். லொசார்டன் போன்ற பிரஷர் குளிசைகளும் அதைக் கூட்டும். கூடினால் நெஞ்சு படபடக்கலாம், கைகால் சோரலாம். பல வேளை ஒன்றுமே தெரியாமல் இதயத் துடிப்பையே குழப்பிவிடும்.

அளவு கூடியிருந்தால் இளநீர், வாழைப்பழம், கொய்யா, பலாப்பழம், ஆனைக்கொய்யா, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் டொக்டர் சொல்லும்வரை தள்ளி வையுங்கள். அன்னாசி, ஜம்பு, அப்பிள் ஆகியவற்றில் பொட்டாசியம் குறைவு. நாளுக்கு ஒரு சின்னக் கோப்பை, ஜூஸாக அல்ல, வெட்டி. சீனி வருத்தக்காரர் என்பதையும் மறக்கக்கூடாது.

மருந்து போட்ட பிறகு சீனி இறங்கி வியர்த்து நடுங்கினால், தோடம்பழச் சாறோ இளநீரோ கொடுக்காதீர்கள், அவற்றில் பொட்டாசியம் அதிகம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.