போர்கள் ஏன் மூள்கின்றன? அவற்றின் விலையை உண்மையில் யார் கொடுக்கிறார்கள்?

மனிதனின் இயல்பான வன்மம்தான் போருக்குக் காரணமா, அல்லது அதற்கு வேறு காரணங்கள் உண்டா, அதில் சாதாரண மக்கள் இழப்பது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாப் போர்களையும் ஒரே வாக்கியத்தில் அடக்க முயல்வதைவிட, என் குடும்பத்தைத் தொட்ட ஒரு போரை எடுத்துக்கொண்டு பதில் சொல்வதே நேர்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தாவின் அண்ணன், இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, போனார். மலேசியத் தமிழர் வீடுகளில் ஒருவரைப் பற்றி ‘சயாமுக்குப் போனவர்’ என்று சொன்னால், அதற்குமேல் விளக்கம் கேட்கமாட்டார்கள். ஜப்பானியர் பர்மாவுக்கு அமைத்த ரயில் பாதையில் வேலை செய்யக் கொண்டுபோகப்பட்டவர் என்பதும், அநேகமாகத் திரும்பி வரவில்லை என்பதும் அந்த இரண்டு சொற்களிலேயே அடங்கியிருக்கும்.

அந்தப் போர் திடீரென்று எழுந்த வெறியால் மூண்டதன்று. 1937 முதல் சீனாவில் போரிட்டுவந்த ஜப்பானியப் படை, வெல்லவும் முடியாமல் விலகவும் மனமில்லாமல் அங்கே சிக்கிக்கொண்டிருந்தது. சீனாவைத் தனிமைப்படுத்தவும் தெற்கே மேலும் முன்னேறவும் அது இந்தோசீனாவுக்குள் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) நுழைந்தது. 1941 ஜூலையில் தென் இந்தோசீனாவையும் பிடித்தபோது, அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. எண்ணெய் வருவதும் நின்றது. தனக்குத் தேவையான எண்ணெயில் பெரும்பகுதியை, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை, ஜப்பான் அமெரிக்காவிலிருந்தே வாங்கிவந்தது. சீனாவிலிருந்து பின்வாங்குவதா, டச்சுக்காரர்களிடம் இருந்த கிழக்கிந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெயைப் படையெடுத்துப் பிடிப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, பின்வாங்குவதை மானக்கேடாகக் கருதிய தளபதிகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு வழியில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். நான் படித்த அளவில், போரைத் தொடங்கிய பலரும் இதையே சொல்லியிருக்கிறார்கள். அந்த வழியில்லாத இடத்துக்குத் தாங்களே ஒவ்வொரு அடியாக நடந்து வந்ததை மட்டும் சொல்வதில்லை.

எண்ணெய்க்குப் போகும் வழியில், பிரிட்டன் ஆண்ட மலாயா (இன்றைய மேற்கு மலேசியா) இருந்தது. உலகின் ரப்பரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கே விளைந்தது, வெள்ளீயமும் கிடைத்தது. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கினர்; 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ‘ஆசியா ஆசியருக்கே’ என்ற முழக்கத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் துரைகளின் கீழ் வாழ்ந்த மக்களில் பலர் அதைத் தொடக்கத்தில் நம்பியதில் எனக்கு வியப்பில்லை. எங்கள் முன்னோரை அந்தக் காட்டுக்குக் கங்காணிகள் மூலம் கொண்டுவந்து சேர்த்ததும் ஒரு பேரரசின் ரப்பர்த் தேவைதான். ஆகவே இந்தப் போரை நல்ல பேரரசுக்கும் கெட்ட பேரரசுக்கும் நடந்த சண்டையாக என்னால் எழுத முடியாது. ஆயினும், அடுத்து நடந்ததற்கு ஜப்பானிய ராணுவமே பொறுப்பு என்பதில் ஐயமில்லை.

பர்மாவைப் பிடித்த பிறகு, அங்கிருந்த படைக்கு அரிசியும் குண்டும் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குப் போகும் கடல்வழியில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சுறுத்தலும் இருந்தது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, மலையும் காடுமாகக் கிடந்த 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட முடிவாயிற்று. ஆங்கிலேயர் முன்பே ஆராய்ந்துவிட்டு, மிகக் கடினம் என்று கைவிட்ட தடம் அது. 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. இயந்திரங்கள் மிகக் குறைவாக இருந்த இடத்தில் அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மனித உடல்கள்தான் விடை.

நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தனர். 12,000 பேருக்கு மேல் இறந்தனர். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாத் தீவினர், சீனர் என்று ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் பேர் வரை இருந்திருக்கலாம். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த வரிகளில் ‘இருக்கலாம்’ என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருப்பதைக் கவனியுங்கள். கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் ஒளித்து வைத்தேனும் பதிவேடு எழுதினார்கள். அவர்களுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லவும், கழிப்பிடத்தைத் தள்ளி வெட்டச் சொல்லவும் ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி எவரும் இல்லை. 1943-இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது, கூடாரம் கூடாரமாக அவர்கள் இறந்ததற்கு அதுதான் முதல் காரணம். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, எலும்பு தெரியும்வரை அழுகிய கால்புண் ஆகியவை அதற்கு முன்பும் பின்பும் கொன்றன.

என் பெரிய தாத்தாவை யாரும் துப்பாக்கி முனையில் இழுத்துப்போகவில்லை. போரால் ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போய், தோட்டத்தில் சம்பளம் நின்றிருந்தது; அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று குழந்தைகளின் கால்கள் வீங்கியிருந்தன. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி (டாலர்), சாப்பாடும் இடமும் இலவசம் என்று தோட்டத்து எழுத்தரான கிராணி வாசித்துக் காட்டியதும், அவர் பெயர் கொடுத்துவிட்டார். போனவர்கள் திரும்பாத செய்தி பரவிய பிறகு பெயர் கொடுக்க ஆளில்லாமல் போய், வழியில் கண்டவர்களை லாரியில் ஏற்றத் தொடங்கினார்கள் என்று பெரிய பாட்டி சொல்லியிருக்கிறார். பசியால் போனவரைத் தாமாக விரும்பிப் போனவர் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

போர் முடிந்தபின் அந்த ரயில் பாதைக்கு விலை கிடைத்தது. 1946-இல் பிரிட்டன் அதன் தாய்லாந்துப் பகுதியைத் தாய்லாந்துக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. 1967-இல் ஜப்பான், போர்க்காலக் கொடுமைகளுக்கு ஈடாக 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள உதவியை மலேசியாவுக்குத் தர ஒப்புக்கொண்டது. அது சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) கணவனை இழந்த எந்தப் பெண்ணுக்கும் அதில் ஒரு காசும் வரவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நான் போயிருக்கிறேன். ஏறத்தாழ 7,000 கைதிகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் பெயர், வயது, ஓரிரண்டு வரி. இருபத்திரண்டு, இருபத்துநான்கு என்ற வயதுகளைப் படித்தபோது மனம் கனத்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் பெயர்களைப் படிக்க மட்டும் அங்கே ஒரு கல்லும் இல்லை.

1945-இன் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் சிலர் திரும்பி வந்தார்கள். பெரிய பாட்டி ஒவ்வொருவரையும் தேடிப்போய் விசாரித்தார். ஒருவர், காலரா கொட்டகையில் அவரைக் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர், போர் முடிந்த பிறகு பாங்காக்கில் அவரைப் பார்த்ததாகவும் பேசியதாகவும் சத்தியம் செய்தார். இரண்டாமவர் ஆறுதலுக்காகச் சொன்னாரா, ஆள் மாறிப் பார்த்தாரா என்பதைக் கண்டறிய வழியில்லை. அந்த ஒரு சொல்லை நம்பி, பாட்டி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. மறுமணம் செய்துகொள்ளச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். தம் இரண்டு குழந்தைகளையும் பால்மரம் வெட்டியே வளர்த்தார். தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போடும்போது, பெரிய தாத்தாவுக்கு இலை போடப் பாட்டி ஒருபோதும் விட்டதில்லை. பாட்டி 1984-இல் காலமானார். அந்த ஆண்டுப் படையலில்தான் என் அப்பா முதன்முறையாகப் பெரிய தாத்தாவுக்கும் சேர்த்து இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.