கொலையாளியைக் குரல் காட்டிக்கொடுக்கலாமா?

கேள்வி: நான் திருநெல்வேலியில் வசிக்கிறேன். வானொலியில் சில ஆண்டுகள் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்திருக்கிறேன். இப்போது ஓர் ஒலிநூல் நிறுவனம் துப்பறியும் நாவல்கள் சிலவற்றை வாசித்துத் தரும்படி கேட்டிருக்கிறது. மாதிரிக்காக ஒரு நாவலின் சில அத்தியாயங்களை வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பினேன். “குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் தொலைபேசியில் மிரட்டுபவர் யார் என்பது மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுக்க வேண்டும் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படிக் கொடுத்தால் மர்மம் எப்படி நிற்கும்? ஊதியத்தை மணிக்கணக்கில் வாங்குவதா, விற்பனையில் பங்காக வாங்குவதா என்பதிலும் குழப்பமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாதிரி திரும்பி வந்ததை உங்கள் திறமைக்குக் கிடைத்த மறுப்பாக எண்ணிவிடாதீர்கள். துப்பறியும் கதையை வாசிக்க வரும் எவரும் கடக்க வேண்டிய முதல் சிக்கல் இதுதான். உங்களுக்கு அது தொடக்கத்திலேயே, அதுவும் காரணத்தோடு, சுட்டிக்காட்டப்பட்டிருப்பது நல்லதே. குடும்பக் கதையிலோ வரலாற்று நாவலிலோ ஒவ்வொருவரையும் குரலால் பிரித்துக் காட்டுவது முழுக்க முழுக்க ஆதாயம். மர்மக் கதையில் அதே திறமை ஆசிரியரின் உழைப்பைக் கெடுத்துவிடக்கூடும். அச்சில் “மறுமுனையில் ஒரு குரல் சிரித்தது” என்று எழுதிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடலாம். தாளில் அந்தச் சிரிப்புக்கு ஆணென்றோ பெண்ணென்றோ, இளமையென்றோ முதுமையென்றோ அடையாளம் கிடையாது. நீங்களோ அதற்கு ஓர் ஒலியைத் தந்தே ஆக வேண்டும். வாசிப்பவருக்குக் கதை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த வரிவரைக்கும் கதை வெளியிட்டிருப்பதை மட்டுமே அறிந்தவராக வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே நான் சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான்.

மைக்கின் முன் அமர்வதற்கு முன்பு நாவலை இரண்டு முறை படித்துவிடுங்கள். முதல் முறை சாதாரண வாசகியாகப் படியுங்கள். எங்கே ஏமாந்தீர்கள், யாரைச் சந்தேகித்தீர்கள் என்பது பிறகு மிகவும் பயன்படும். இரண்டாம் முறை பென்சிலோடு படித்து, பாத்திரங்களின் வயது, ஊர், தொழில், யார் யாரோடு பேசுகிறார்கள், குரலைப் பற்றி ஆசிரியர் எங்கே என்ன சொல்லியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் அத்தியாயத்தில் அறிமுகமாகும் ஒருவருக்குக் கரகரத்த குரல் என்பதைப் பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் குரலிலும் இரண்டு மூன்று வரிகளைத் தனிக் கோப்பாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், ஒரு வாரம் கழித்து அதே பாத்திரம் திரும்பி வரும்போதும், அந்தத் துப்பறிவாளரின் அடுத்த நாவலை வாசிக்கும்போதும் குரல் மாறாமல் இருக்கும்.

இப்போது அந்தத் தொலைபேசிக் குரலுக்கு வருகிறேன். முதலில் கேட்க வேண்டியது, கதைக்குள் அந்தக் குரலைக் கேட்பவர் யார் என்பது. கேட்பவருக்கு நன்கு பழக்கமான ஒருவர்தான் மிரட்டுகிறார், ஆனாலும் அடையாளம் தெரியவில்லை என்றால், அதற்கு ஆசிரியர் ஒரு காரணம் வைத்திருப்பார்: வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு பேசியிருக்கலாம், கிசுகிசுத்திருக்கலாம், கருவியால் குரலை மாற்றியிருக்கலாம். அப்போது நீங்கள் நடிக்க வேண்டியது அந்தக் காரணத்தைத்தான், அதற்குப் பின்னால் இருக்கும் ஆளை அல்ல. கிசுகிசுப்பு இதற்கு மிகவும் உதவும். குரல்நாண்கள் அதிராமல் காற்று மட்டுமே ஒலிப்பதால் பேசுபவரின் பாலும் வயதும் ஓரளவு மறைந்துவிடும். இதைவிடக் கடினமான நிலை ஒன்று உண்டு. கதைக்குள் கேட்பவருக்கு அந்த ஆளை முன்பின் தெரியாது. ஒலிநூலைக் கேட்பவரோ அதே ஆளை ஒன்பதாம் அத்தியாயத்தில் அன்பான மருத்துவராகச் சந்திக்கப்போகிறார். இங்கே மிரட்டலை உங்கள் விவரிப்புக் குரலுக்கு மிக அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுருதியையும் மூக்கொலியையும் தொடாமல், வேகத்தையும் சொற்களுக்கு இடையிலான இடைவெளியையும் கொண்டே அச்சத்தை உண்டாக்குங்கள். மருத்துவர் நேரில் வரும்போது அவரையும் அதே எளிய குரலுக்கு அருகில் வைக்கலாம்.

ஆனால் அவர் ஒருவரை மட்டும் அப்படி வைத்துவிடாதீர்கள். கதையில் எல்லோருக்கும் எடுப்பான குரல் இருந்து, ஒருவருக்கு மட்டும் இல்லாமல் போனால், கூர்ந்து கேட்கும் நேயர் அந்த இன்மையையே தடயமாகப் பிடித்துக்கொள்வார். சந்தேகத்துக்குரிய மற்ற இருவர் மூவரும் அதே அளவு அடங்கிய குரலில் பேச வேண்டும். உங்கள் மாதிரிப் பதிவை நான் கேட்கவில்லை. இருந்தாலும் வானொலி நாடகப் பழக்கத்தால் ஒவ்வொருவருக்கும் அழுத்தமான குரல் ஒன்றைக் கொடுத்திருப்பீர்கள், அதே குரல் தொலைபேசியிலும் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். வானொலி நாடகத்தில் பேசுபவர் யார் என்பதைப் பெரும்பாலும் குரல்தான் காட்ட வேண்டும், அதனால் அழுத்தம் அங்கே தேவை. ஒலிநூலில் யார் பேசினார் என்பதைப் பெரும்பாலும் ஆசிரியரே எழுதிவிடுகிறார். ஆகவே பாத்திரங்களை வாக்கியத்தின் முடிவு தாழ்கிறதா நிற்கிறதா, மூச்சு எங்கே விழுகிறது, விடை உடனே வருகிறதா யோசித்து வருகிறதா என்பவற்றால் பிரித்தாலே போதும். ஆண் பாத்திரங்களுக்காகத் தொண்டையைக் கனப்படுத்த வேண்டாம். எட்டு மணி நேர நூலில் அது தொண்டையையும் வருத்தும், கேட்பவரையும் வருத்தும்.

நம் மொழி துப்பறியும் கதை எழுதுபவருக்குச் சில சலுகைகளைக் கொடுக்கிறது, அவற்றை வாசிப்பவர் பறித்துவிடக் கூடாது. “அந்த உருவம் சுவரேறிக் குதித்தது” என்று அஃறிணையில் எழுதும்போது ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதை வேண்டுமென்றே மறைக்கிறார். அந்தப் பத்தியில் உங்கள் குரல் முரட்டுத்தனமாக இறங்கினால் பாதி விடை வெளியே வந்துவிடும். விசாரணைக் காட்சியில் இன்ஸ்பெக்டர் “நீங்க” என்பதிலிருந்து “நீ” என்பதற்கு மாறும் இடம் கதையில் ஒரு நிகழ்ச்சிக்குச் சமம், அந்த மாற்றம் கேட்பவர் காதில் விழ வேண்டும். வட்டார வழக்கில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஆசிரியர் பொதுவான பேச்சுத் தமிழில் எழுதியிருக்கும் உரையாடலுக்கு, காவலாளி என்பதற்காகவோ சமையல்கார அம்மா என்பதற்காகவோ நீங்களாக ஒரு வழக்கைச் சேர்க்காதீர்கள். அது அந்த மனிதர்களைக் கேலி செய்வதாக ஆகிவிடும் என்பது ஒருபுறம். கதையின் நோக்கிலும் அது ஆபத்தானது. சென்னைக்காரர் என்று சொல்லிக்கொண்டு திரியும் ஒருவர் இருபதாம் அத்தியாயத்தில் வாய்தவறி “அன்னைக்கு அங்கன நின்னேம்லா” என்று உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லி மாட்டிக்கொள்வதாகக் கதை இருந்தால், முதலிலிருந்தே அவருக்கு நெல்லை வாடை கொடுத்தவர் அந்தத் தடயத்தை அழித்தவராகிறார். நீங்கள் அந்த மண்ணின் பேச்சை அறிந்தவர் என்பதால் அந்த ஒரு வரி உங்கள் வாயில் அருமையாக வரும். அதுவரை அதைச் சேமித்து வையுங்கள்.

முடிவு தெரிந்த வாசிப்பாளர் தம்மை அறியாமலே காட்டிக்கொடுக்கும் இன்னோர் இடம், ஆசிரியர் கண்ணெதிரே வைத்துவிட்டுப் போகும் தடயம். “மேசையில் பாதி எரிந்த ஊதுபத்தியும், ஒரு கண்ணாடிக் குவளையும், பீரோச் சாவியும், முந்தைய நாள் செய்தித்தாளும் கிடந்தன” என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செய்தித்தாள்தான் பின்னால் கொலையாளியைப் பிடித்துக் கொடுக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர் நாக்கு அந்தச் சொல்லுக்கு முன் ஒரு நொடி தயங்கும். அல்லது மறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அதை மட்டும் விழுங்கி ஓடும். இரண்டையும் காது கண்டுபிடித்துவிடும். நான்கு பொருள்களுக்கும் ஒரே எடை, ஒரே வேகம் இருக்க வேண்டும். கடைசிப் பொருளில் வாக்கியம் இயல்பாகவே தாழ்ந்து முடியும், அந்த இயல்பை மாற்றாமல் விட்டுவிடுங்கள். இத்தகைய இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பதிவு முடிந்ததும் அவற்றை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கதை தெரியாத ஒருவரை வீட்டில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்வது இன்னும் நல்லது.

தடயத்தை ஒளிக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அச்சு நூலில் வாசகர் பக்கத்தைப் புரட்டித் திரும்பப் பார்த்துக்கொள்வார். பிரிட்டனில் முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களையும் மனத்தில் கொண்டு 1935இல் பேசும் நூல்கள் தொடங்கப்பட்டபோது, முதலில் வெளிவந்த இரண்டில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல். ஒரு பக்கம் சுமார் 25 நிமிடம் ஓடும் இசைத்தட்டுகளில் அது வந்தது. ஒரு வரியைத் தேடிப் பின்னால் போவது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பாருங்கள். இன்று பின்னோக்கிப் போகும் பொத்தான் இருக்கிறது, ஆனால் கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டோ மாவு பிசைந்துகொண்டோ இருப்பார். அதனால் ஒரு பெயர் முதன்முறை வரும்போது அது மனத்தில் பதியும்படி சற்றே தெளிவாகச் சொல்லுங்கள். துப்பறிவாளர் எல்லாவற்றையும் அவிழ்க்கும் கடைசி அத்தியாயத்தில், வேகத்தைக் கூட்ட வேண்டும் என்ற உந்துதலை அடக்கிக்கொண்டு, பெயர், நேரம், இடம் மூன்றையும் நிதானமாக வாசியுங்கள். அந்த அத்தியாயத்தைக் களைத்த தொண்டையோடு பதிவு செய்யாமல், மறுநாள் காலையில் புதிதாகத் தொடங்குவது நல்லது. அலறல், நீண்ட கிசுகிசுப்பு போன்றவை வரும் பகுதிகளை அன்றன்றைய பதிவின் இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பழைய நாவல்களில் கொலை வழக்கு என்றால் 302ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103ஆம் பிரிவு ஆகிவிட்டது என்பதற்காக நூலில் உள்ளதை மாற்றக் கூடாது. விவரிப்பில் “முந்நூற்று இரண்டு” என்றும், போலீஸ்காரர் வாயில் “த்ரீ நாட் டூ” என்றும் வாசிப்பது பொருந்தும். ஆனால் நூல் முழுவதும் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்.

வீட்டுப் பதிவைப் பொறுத்தவரை, துணிகள் நிறைந்த அலமாரியும் இலவம்பஞ்சு மெத்தையும் உள்ள சிறிய அறை போதும். மின்விசிறியையும், பக்கத்து அறையில் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிடுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். உங்கள் நிறுவனம் கேட்கும் அளவுகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; ஒலிநூல் நிறுவனமான ஆடிபிளின் ஏசிஎக்ஸ் தளத்தில் சராசரி ஒலியளவு −23க்கும் −18 டெசிபலுக்கும் இடையிலும், உச்சம் −3ஐத் தாண்டாமலும், அறையின் பின்னணி இரைச்சல் −60க்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதைக் குறிவைத்துப் பழகினால் பெரும்பாலான இடங்களுக்கு அது போதுமானதாக இருக்கும்.

ஊதியத்தில் என் பரிந்துரை தெளிவானது: முதல் சில நூல்களுக்குப் பங்கு வேண்டாம், எடிட் செய்து முடிந்த ஒலியின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்ற நிலையான தொகையை வாங்குங்கள். பங்கு என்பது நூல் எவ்வளவு கேட்கப்படும் என்பதைப் பொறுத்தது. அதை முன்கூட்டி அறியவோ பிறகு சரிபார்க்கவோ உங்களிடம் வழி இல்லை. தொகையை ஒப்புக்கொள்வதற்கு முன், முன்தயாரிப்பு, பதிவு, எடிட்டிங், திருத்தப் பதிவு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர ஒலிக்கு ஆறு மணி நேர உழைப்பு ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எடிட்டிங்கை நிறுவனமே செய்தால் அது கணிசமாகக் குறையும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை ஊன்றிப் படியுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கு 50 ஆண்டுக் காலத்துக்கு உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவு, நிகழ்த்தியவர் இன்னார் என்று குறிப்பிடப்படும் உரிமையையும், நிகழ்த்தியதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் தருகிறது. ஒலிநூல் வாசிப்பும் இதில் அடங்கும் என்பதே என் புரிதல், எனவே உங்கள் பெயர் நூலின் முகப்பிலும் தொடக்க அறிவிப்பிலும் வர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, உங்கள் பதிவைக் கொண்டு செயற்கைக் குரலை உருவாக்கவோ பயிற்றுவிக்கவோ கூடாது என்ற தனி விதி. “எல்லா வகைப் பயன்பாட்டுக்கும்” என்பது போன்ற பொதுவான சொற்றொடருக்குள் இந்த அனுமதி ஒளிந்திருக்கக்கூடும். அப்படி இருந்தால், எவ்வளவு நல்ல தொகையானாலும், அது நீக்கப்படும் வரை கையொப்பமிடாதீர்கள். குரலே உங்கள் தொழிற்கருவி என்பதால் இதில் நான் எந்தச் சமரசத்தையும் பரிந்துரைக்க மாட்டேன். கையொப்பத்துக்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுவதற்கு ஆகும் செலவு வீண் செலவல்ல.

இப்போதைக்கு மாதிரி முழுவதையும் மறுபடி பதிவு செய்ய வேண்டாம். முழு நாவலையும் படித்து முடித்தபின், அந்தத் தொலைபேசி உரையாடல் வரும் மூன்றாம் அத்தியாயத்தையும், மிரட்டியவர் தம் சொந்தப் பெயரோடு முதன்முதலாக வரும் அத்தியாயத்தையும் மட்டும் வாசித்து, இரண்டையும் சேர்த்து அனுப்பி, அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கும்படி எழுதுங்கள். அவர்களுடைய சந்தேகம் தீர்ந்ததா என்பது அந்த இரண்டு கோப்புகளிலேயே தெரிந்துவிடும். மற்ற அத்தியாயங்களைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.